சட்டைப் பையில் ஒரு சர்வர்

போன தீபாவளிக்கு முந்தின வாரம் பாரிஸிலிருந்து என் பேத்தி போன் செய்தாள். வீடு மாற்றும்போது ஒரு பெட்டிக்குள் பழைய 'கிளே' கிடைத்ததாம். பிரெஞ்சில் பென்டிரைவைக் கிளே, அதாவது சாவி என்றுதான் சொல்வார்கள். "தாத்தா, சின்ன வயசுல நீங்க அனுப்பின அ, ஆ படமெல்லாம் இதுல இருக்கு. ஆனா ஒண்ணும் திறக்கல. வெறும் வெள்ளையா நிக்குது. பாட்டி குரலும் வரல" என்றாள்.

பாட்டி போய் ஏழு வருடம் ஆகிறது. அவள் குரல் எங்கள் வீட்டில் வேறு எதிலும் பதிவாகவில்லை. கல்யாண வீடியோக்களில் தலை தெரியும், பின்னால் நாதஸ்வரம்தான் கேட்கும். ஆகவே அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் படங்களை நான் 2008-இல் செய்தேன். பிஎச்பி என்ற நிரல்மொழி, அதைச் சுமந்த ஒரு பென்டிரைவ், ஃபிளாஷ் என்ற அசைபட வடிவம், இந்த மூன்றும் கைகொடுத்தன. மூன்றின் வரலாறும் நம் கண் முன்னால் நடந்தது. நம் வயதுக்காரர்கள் பலருக்கு அது தெரியாமலே போய்விட்டது. தெரிந்த வரையில் எழுதி வைக்கிறேன்.

முதலில் என் கதை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு அரசாங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன் நான். பிரெஞ்சுத் தாள் எது வந்தாலும் என் மேஜைக்கு வரும். அலுவலக நேரம் முடிந்தால் வீட்டுத் திண்ணைக்கும் வரும். சொல்தா வீட்டுப் பிள்ளைகள், பிரான்சில் உறவு உள்ளவர்கள், தாத்தாவின் எத்தா சிவில் நகலை எடுத்துக்கொண்டு "இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க சார்" என்று நிற்பார்கள். அவர்கள் கொடுத்த நகல்களில் உள்ள பெயர்களை அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டில் குறித்து வந்தேன். யார் யாருக்கு என்ன உறவு என்று அடுத்த முறை தேட உதவும்.

தேடுவதில் ஒரு சங்கடம். அந்தக் காலத்துப் பிரெஞ்சு எழுத்தர்கள் காதில் விழுந்தபடி நம் பெயர்களை எழுதினார்கள். ஆங்கிலத்தில் 'முத்து' என்று எழுத உகரத்துக்கு ஒரே எழுத்து போதும். பிரெஞ்சில் ஓ, யூ என இரண்டு எழுத்து வேண்டும். ஒரு குடும்பத்திலேயே அண்ணன் பெயர் ஒரு விதமாகவும் தம்பி பெயர் வேறு விதமாகவும் இருக்கும். 'ஜ' வந்தால் முன்னால் ஒரு டி சேரும், கடைசியில் சும்மா ஒரு ஈ ஒட்டிக்கொள்ளும். நோட்டில் பக்கம் புரட்டித் தேடுவது 3,000 பெயருக்கு மேல் முடியாத காரியம் ஆயிற்று. கணினியில் போட வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது. அலுவலகத்தில் இருந்த ஓர் இளைஞர் "பிஎச்பி படிங்க சார், சுலபம்" என்றார். அதன் கையேடு பிரெஞ்சு மொழியில் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது எனக்குப் பெரிய வசதி. 55 வயதில் மறுபடி பிரெஞ்சுப் பாடம் படித்தேன்.

பிஎச்பியை உருவாக்கியவர் ரஸ்மஸ் லெர்டார்ஃப். 1968-இல் கிரீன்லாந்தின் டிஸ்கோ தீவில் பிறந்தவர், கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். 1994-இல் தன் சுயவிவரத்தை இணையத்தில் போட்டுவிட்டு, அதை யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று எண்ணச் சில சிறு நிரல்களை எழுதினார். 'பெர்சனல் ஹோம் பேஜ்' கருவிகள் என்று பெயர் வைத்தார். 1995 ஜூனில் நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்து டெக்னியான் கல்லூரி மாணவர்கள் இருவர், ஜீவ் சுராஸ்கியும் ஆண்டி குட்மன்ஸும், 1997-இல் அதன் உள்ளுறுப்பைப் புதிதாக எழுதினார்கள். 1998-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. அவர்கள் கைவண்ணத்தின் அடையாளம் ஒன்று உண்டு. நிரலில் இரண்டு முக்காற்புள்ளி சேர்ந்து வரும் இடத்தில் பிழை செய்தால், பிஎச்பி ஹீப்ரு மொழியில் 'பாமாயிம் நெகுடோடாயிம்' என்று திட்டும். முதல் தடவை பார்த்தபோது வைரஸ் வந்துவிட்டது என்று மின்சாரத்தையே நிறுத்திவிட்டேன்.

பிஎச்பி என்ன செய்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் ஓட்டல் உதாரணம்தான் சொல்வேன். இணையப் பக்கத்தைப் பார்க்கும் நீங்கள் மேஜையில் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர். கேட்டதைக் கொண்டுவருகிற கணினிக்குப் பெயரே சர்வர். சாதாரணப் பக்கம் காலையில் அவித்து வைத்த இட்லி மாதிரி, எல்லோருக்கும் ஒன்றுதான். பிஎச்பி உள்ளே நிற்கும் சமையல்காரர். ஆர்டர் வந்த பிறகு மாவை ஊற்றி உங்களுக்கென்று ஒரு தோசை வார்த்துக் கொடுப்பார். 'முத்து' என்று தேடினால் முத்துக்களின் பட்டியல், 'ஐயாசாமி' என்று தேடினால் ஐயாசாமிகளின் பட்டியல்.

தமிழில் மட்டும் சமையல்காரருக்குக் கொஞ்சம் தடுமாற்றம். 'அம்மா' என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று கேட்டால் 15 என்பார். நம் கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் மெய்ப்புள்ளியும் கால் குறியும் தனித்தனி, ஆக ஐந்து. சேமிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15. இந்தக் குறையைத் தீர்ப்பதாக இருந்த ஆறாம் பதிப்பு வரவே இல்லை. ஐந்துக்குப் பிறகு நேராக ஏழு, 2015 டிசம்பரில் வந்தது.

இனி பென்டிரைவுக்கு வருவோம். உள்ளே இருப்பது ஃபிளாஷ் நினைவகம். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோக்கா 1984-இல் அதை உலகத்துக்கு அறிவித்தார். ஒரே நொடியில் எல்லாம் அழிவது காமிரா ஃபிளாஷ் மாதிரி இருக்கிறது என்று உடன் வேலை செய்தவர் சொன்னதால் அந்தப் பெயர். அதை யூஎஸ்பி முனையோடு சேர்த்த சாதனம் 2000-இல் கடைக்கு வந்தது. சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் 'தம்ப்டிரைவ்' என்று விற்றது. இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் செய்ததை ஐபிஎம் 'டிஸ்க்ஆன்கீ' என்று விற்றது. அதிலும் சாவி வந்துவிட்டது பாருங்கள். கொள்ளளவு 8 எம்பி. இன்று ஒரு செல்போன் போட்டோவுக்கே போதுமா என்று யோசிப்போம். அன்று நம்மிடம் இருந்த ஃபிளாப்பி 1.44 எம்பிதான். அதைப் போல ஐந்து மடங்குக்கு மேல்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது? வீட்டில் ஒரு கணினி, மைத்துனர் வீட்டில் ஒன்று, பிரவுசிங் சென்டரில் பத்து. பிறர் கணினியில் எதையும் நிறுவ விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆனால் பிஎச்பி ஓட சர்வர் வேண்டும். இதற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு வழி பிறந்தது. 'அப்பாச்சி ஃபிரண்ட்ஸ்' என்ற குழு 2002-இல் 'ஸாம்ப்' என்ற தொகுப்பை வெளியிட்டது. சர்வர், பிஎச்பி, தரவுகளை வைக்கும் அறை எல்லாம் ஒரே உறைக்குள். அதன் சிறிய பதிப்பை நிறுவவே வேண்டாம். பென்டிரைவில் அப்படியே விரித்து வைத்தால் போதும்.

ஓட்டலையும் சமையல்காரரையும் டிபன் கேரியரில் போட்டு எடுத்துப் போவது போல. எந்த வீட்டுக் கணினியிலும் செருகுவேன். ஒரு கணினியில் அது இ டிரைவ் என்று வரும், இன்னொன்றில் எஃப் என்று வரும். ஆகையால் முதலில் ஒரு சிறு நிரலை ஓட்டிப் பாதைகளைத் திருத்திக்கொள்ளச் சொல்ல வேண்டும். பிறகு சர்வரைக் கிளப்பி, முகவரிப் பட்டையில் 127.0.0.1 என்று அடித்தால் என் பெயர்ப்பட்டியல் எழுந்து நிற்கும். அந்த எண்ணுக்குப் பொருள், இந்தக் கணினி தன் வீட்டுக் கதவையே தட்டுகிறது என்பதுதான். இணைய இணைப்பு தேவையில்லை. வேலை முடிந்தால் சர்வரை நிறுத்தி, பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். கூடவே சில சமயம் வைரஸும் வரும். 2008-இல் கிளம்பிய கான்ஃபிக்கர் இப்படிப் பென்டிரைவ் வழியாகவும்தான் ஊர் ஊராகப் பரவியது. வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவுவது போல அதையும் சோதிப்பது வழக்கம் ஆயிற்று.

அந்த 2008-இல்தான் பேத்திக்கு ஆறு வயது. மகள் அங்கே வேலைக்குப் போகிறாள், தமிழ் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. என் மனைவி முப்பது வருடம் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' போட்டுக் காட்டியவள். "எழுத்து எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு பிள்ளை பாக்கணும். அச்சடிச்ச எழுத்தப் பாத்து எப்படிக் கத்துக்கும்?" என்றாள். எழுத்து தானாக எழுதப்படுவது போல ஒரு படம் வேண்டும்.

அன்று இணையத்தில் அசைகிற படம் என்றால் ஃபிளாஷ்தான். நினைவகத்துக்கும் இதற்கும் பெயர் மட்டுமே ஒன்று. அமெரிக்காவில் ஜொனாத்தன் கே என்பவரின் சிறு நிறுவனம் 1996-இல் 'ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர்' என்று கொண்டுவந்தது. அதே வருடக் கடைசியில் மேக்ரோமீடியா வாங்கிப் பெயரைச் சுருக்கியது. 2005-இல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது. படத்தைப் புள்ளி புள்ளியாகச் சேமிக்காமல் 'இங்கிருந்து அங்கே கோடு, இப்படி ஒரு வளைவு' என்று அளவாகச் சேமித்ததால் கோப்பு மிகச் சிறியது. டெலிபோன் கம்பியில் இணையம் கீச்சிட்டுக்கொண்டு வந்த நாளில் அது பெரிய வரம்.

அடோபியின் மென்பொருள் வாங்க என்னிடம் பணம் இல்லை. பிஎச்பியோடு சேரும் 'மிங்' என்ற இலவச நிரலகம் இருந்தது. அதன் கட்டளைகள் ஒரு குமாஸ்தாவுக்கென்றே செய்தது போல. 'மூவ் பென் டு' என்றால் பேனாவை இந்த இடத்தில் கொண்டு வை. 'டிரா லைன் டு' என்றால் அங்கிருந்து கோடு இழு. 'டிரா கர்வ் டு' என்றால் வளைத்து இழு. கிராஃப் தாளில் மனைவி எழுத்தை எழுதினாள். நான் மில்லிமீட்டர் எண்ணி அளவெடுத்தேன். 'அ' ஒன்றுக்கே 14 வளைவு.

இந்த வளைவுகளுக்குப் பின்னாலும் பிரெஞ்சுக் கதை உண்டு. கார் உடம்பின் வளைவைக் கணக்காக எழுதுவதற்கு ரெனோ நிறுவனப் பொறியாளர் பியேர் பெஸியே 1960-களில் பயன்படுத்திய முறை இது. தொடக்கம், முடிவு, நடுவில் கோட்டைத் தன் பக்கம் இழுக்கும் ஒரு புள்ளி. சிட்ரோயன் நிறுவனத்தில் போல் தெ காஸ்தெல்ழோ 1959-லேயே கண்டிருந்தார். கம்பெனி ரகசியமாக வைத்துக்கொண்டதால் பெயர் பெஸியேவுக்குப் போயிற்று. எங்கள் 'அ'வின் சுழி அந்தக் காரின் வளைவுக்குத் தம்பி என்று மனைவியிடம் சொன்னேன். "முதல்ல சுழிய சரியாப் போடுங்க" என்றாள். என் தமிழ்க் கையெழுத்தை அவள் கடைசி வரை 'துரை எழுத்து' என்றுதான் சொன்னாள்.

ஒவ்வொரு படத்திலும் அவள் குரல். மைக்கைப் பிடித்து "அ, அம்மா", "ஆ, ஆடு" என்று பேசினாள். அதை எம்பி3 ஆக்கி மிங் வழியாகப் படத்துக்குள்ளேயே சேர்த்தேன். உயிரெழுத்து பன்னிரண்டுக்கும் பன்னிரண்டு கோப்பு. முழுச் சர்வரையும் அனுப்பினால் மகள் திணறுவாள் என்று, செய்து முடித்த கோப்புகளை மட்டும் இன்னொரு பென்டிரைவில் போட்டு, பிரான்சுக்குப் போன ஒரு உறவினரிடம் கொடுத்தனுப்பினேன். என் பென்டிரைவில் சர்வரும் நிரல்களும் இருந்தன. இரண்டில் எனதுதான் பத்திரம் என்று நினைத்தேன்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். 2007-இல் வந்த ஐபோனில் ஃபிளாஷ் ஓடவில்லை. ஓடவும் விடமாட்டோம் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரலில் பகிரங்கமாக எழுதினார். பாதுகாப்பு ஓட்டைகள் ஒன்று மாற்றி ஒன்று வந்தன. நிறுத்தப் போகிறோம் என்று அடோபி 2017-இல் சொன்னது, 2020 டிசம்பர் 31-இல் நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல், கணினியில் இருக்கும் ஃபிளாஷ் பிளேயரும் படம் காட்ட மறுத்தது. என் பேத்தி பார்த்த வெள்ளைத் திரை அதுதான்.

பரவாயில்லை, என் பென்டிரைவில் நிரல் இருக்கிறதே என்று பழைய விண்டோஸ் 7 கணினியில் செருகினேன். நான்கைந்து வருடத்துக்கு ஒரு முறை புதிய பென்டிரைவுக்கு நகல் எடுத்து வந்திருந்தேன். ஃபிளாஷ் நினைவகத்தில் எழுத்தாக நிற்பது மின்னூட்டம், அது மெல்லக் கசியும் என்று படித்திருந்தேன். சர்வர் கிளம்பியது. 2008-இன் பிஎச்பி அப்படியே உயிரோடு இருந்தது. என் நிரலைப் புதிய பிஎச்பியில் போட்டால் பாதி ஓடாது. பழைய தரவுக் கட்டளைகளை ஏழாம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள், மிங்கையும் தொகுப்பிலிருந்து எப்போதோ வெளியேற்றிவிட்டார்கள். ஆனால் சமையல்காரரைக் கூடவே கூட்டி வந்ததால் எனக்குக் கவலை இல்லை. பெயர்ப்பட்டியலும் வந்தது.

எழுத்து நிரலை ஓட்டியதும் பிழை. குரல் கோப்பு காணோம் என்றது. எட்டிப் பார்த்தால், நிரலில் நான் எழுதியிருந்த பாதை வீட்டுக் கணினியின் டி டிரைவ். அந்த எம்பி3 கோப்புகளைப் பென்டிரைவில் நான் எடுத்து வைக்கவே இல்லை. அந்தக் கணினியின் வட்டு 2012-இல் பழுதாகிக் காயலான் கடைக்குப் போய்விட்டது. யாரையும் குறை சொல்ல வழியில்லை. 34 வருடம் கோப்புகளோடு இணைப்புத் தாள் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் செய்த பிழை.

ஆகக் கடைசியில், செத்துப்போன வடிவம் என்று எல்லோரும் சொன்ன அந்த ஃபிளாஷ் கோப்புக்குள்தான் அவள் குரல் இருந்தது. அதுவும் பாரிஸில்.

பேத்தியிடம் கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன். 'ரஃபிள்' என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அடோபியின் பிளேயர் இல்லாமலே பழைய ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டிக் காட்டும். இணைய ஆவணக் காப்பகமான இன்டர்நெட் ஆர்கைவ் 2020 நவம்பரில் பழைய அசைபடங்களையும் விளையாட்டுகளையும் இதைக் கொண்டுதான் மறுபடி ஓட வைத்தது. பன்னிரண்டில் பதினொன்று திறந்தது. 'ஊ' கெட்டுப் போயிருந்தது.

'அ' திறந்தபோது எழுத்து மெல்ல எழுதப்பட்டது. "அ, அம்மா" என்றாள். அதற்குப் பிறகு நான் மறந்தே போயிருந்த ஒன்று. பதிவு நின்றுவிட்டது என்று நினைத்து என்னைப் பார்த்து அவள் சொன்னது: "இதாவது சரியா வந்துதா?"

வந்தது.

குரலை இப்போது தனி எம்பி3 கோப்புகளாகப் பிரித்து எடுத்துவிட்டேன். படத்தைப் பேத்தியே புதிதாகச் செய்தாள். என் பழைய நிரலில் எழுத்தின் அளவுகள் வெறும் எண்களாக இருந்தன. இன்றைய உலாவிகள் எல்லாம் புரிந்துகொள்ளும் எஸ்விஜி என்ற வரைபட முறை 2001-லிருந்து பொதுத் தரமாக இருக்கிறது. அதிலும் பேனாவை நகர்த்த ஒரு கட்டளை, கோட்டுக்கு ஒன்று, அதே ஒற்றைப் புள்ளி பெஸியே வளைவுக்கு ஒன்று. கிராஃப் தாளில் நான் எண்ணிய மில்லிமீட்டர்கள் ஒன்றுகூட மாறாமல் அதில் பொருந்தின. கெட்டுப்போன 'ஊ'வும் எழுத்தாக வந்துவிட்டது. குரல்தான் இல்லை. அந்த ஒன்றை மட்டும் பேத்தி தன் குரலில் "ஊ, ஊஞ்சல்" என்று சொல்லிச் சேர்த்திருக்கிறாள். 'ஞ்ச' கொஞ்சம் பிரெஞ்சாகத்தான் ஒலிக்கிறது.

நண்பர்களே, உங்கள் பீரோவிலும் பழைய பென்டிரைவ் ஒன்றிரண்டு இருக்கும். இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். எதைத் திறக்க எந்த மென்பொருள் வேண்டுமோ அதையும் பக்கத்திலேயே வையுங்கள். ஒரு கோப்புக்கு வேண்டிய இன்னொரு கோப்பு வேறெங்காவது இருக்கிறதா என்று சரிபாருங்கள். முடிந்ததை எண்ணாகவும் எழுத்தாகவும் எழுதி வையுங்கள், தாளிலும் ஒரு பிரதி இருக்கட்டும். நகலில் ஒன்று வேறு வீட்டில், முடிந்தால் வேறு ஊரில் இருக்கட்டும். எனக்குக் கைகொடுத்தது பாரிஸில் இருந்த பிரதிதான்.